அவுட்புட் சரி, புரோகிராம் சரியா?

கேள்வி: நவி மும்பையில் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் லேப் எடுக்கிறேன். எல்லோருடைய புரோகிராமும் சரியான அவுட்புட் தருகிறது. ஆனால் பாதியைப் படிக்கவே முடிவதில்லை. மார்க்கைக் குறைத்தால், "அவுட்புட்தான் வந்துவிட்டதே!" என்று சண்டைக்கு வருகிறார்கள். என்ன சொல்வது?
- வாசகி, ஐரோலி

பதில்: அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. புரோகிராம் எழுதச் சொல்கிறோமே தவிர, அடுத்தவர் எழுதியதைப் படித்துத் தரம் சொல்ல ஒருநாளும் பழக்கவில்லை.

அடுத்த லேபில் பஸ் கட்டணம் கணக்கிடும் இரண்டு புரோகிராம்களைக் கொடுங்கள். இரண்டிலும் ஒரே விடை வரட்டும். ஒன்றில் கட்டணத் தொகைகள் இஃப்-எல்ஸ் வரிகளுக்குள் சிதறிக் கிடக்கட்டும். மற்றதில் தூரமும் கட்டணமும் ஒரே அட்டவணையாக இருக்கட்டும். எது நல்லது என்று உடனே கேட்காதீர்கள். கேட்டால், 'வரி குறைவு', 'கமென்ட் நிறைய' என்று மேலோட்டமாகத்தான் சொல்வார்கள். "கட்டணம் உயர்ந்துவிட்டது, மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை இடத்தில் கை வைத்தார்கள், எதை மாற்ற மறந்தார்கள் என்பதை அவர்களே ஜர்னலில் எழுதட்டும்.

அடுத்து, பைனரி சர்ச். நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரு முனை எண்களையும் கூட்டி இரண்டால் வகுப்போம். ஜாவா நூலகத்திலேயே அப்படித்தான் இருந்தது. அதில் இருந்த பிழை சுமார் 9 ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. கூட்டுத்தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் மைனஸில் போய்விடும் என்று ஜோஷுவா பிளாக் 2006இல் எழுதினார். அந்த நூலகத்தில் பைனரி சர்ச்சை எழுதியவரும் அவரேதான்! கீழ் முனையோடு இடைவெளியின் பாதியைக் கூட்டினால் பிழை தீர்ந்தது. சின்ன அரேயை வைத்து எத்தனை முறை ஓட்டினாலும் இது அகப்படாது. 'எந்த அளவு வரை தாங்கும்?' என்று கேட்டுக்கொண்டே படித்தால்தான் பிடிபடும்.

பிறகு ஜர்னல்களை மாற்றிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். நண்பனுக்கு நண்பன் முழு மார்க் போடத்தான் செய்வான். அதனால் அவன் போட்ட மார்க்கை விட்டுவிட்டு, அதற்கு அவன் எழுதிய காரணத்துக்கு நீங்கள் மார்க் போடுங்கள். வைவாவிலும் அவனவன் புரோகிராமை விட்டு, பக்கத்து ரோல் நம்பரின் புரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் செய்யச் சொல்லுங்கள்.

இரண்டு வைவா போகட்டும். அப்புறம் சண்டை உங்களோடு இருக்காது. படிக்க முடியாதபடி எழுதிவைத்த பக்கத்து ரோல் நம்பரோடுதான்.