தேரும் திறவுகோலும்

மைந்தர்க்குப் பொருள் ஈட்டித் தருதல் எளிது. அதனை ஆளும் பொறுப்பைப் புகட்டுதல் அரிது.

திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மைந்தன் ஒரு நாள் தேரூர்ந்து சென்றான். துள்ளி வந்த ஆன்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. வேண்டுமென்று செய்த பிழையன்று. கழுவாய் செய்தால் போதும் என்றனர் அமைச்சர். அரசன் இசையவில்லை. தன் ஒரே மைந்தன்மீது தானே தேரைச் செலுத்தினான். பின்னர் இறைவன் அருளால் கன்றும் மைந்தனும் உயிர்பெற்றனர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு.

எத்தந்தையும் இவ்வாறு செய்தல் வேண்டா. ஆயினும், தவறியவன் தன் மகன் என்பதற்காக அத்தவற்றைச் சிறிதாக எண்ணலாகாது. இக்காலச் சட்டமும் பெற்றோரை நோக்கியே வினவுகின்றது. 18 வயது நிரம்பாதவன் மோட்டார் வண்டியால் குற்றம் இழைப்பின், அவனுடைய பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் பெறுதற்குரியர் என 2019 ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது.

பணத்திற்கும் இதுவே நெறி. காந்தியடிகள் 1888 ஆம் ஆண்டில், தம் 18 ஆம் வயதில், தமையனாரின் பொருளுதவியால் சட்டம் பயில இலண்டன் சென்றார். அப்பொருளின் அருமையை உணர்ந்து, வண்டிச்சத்தம், தபாற்செலவு ஆகிய சில்லறைச் செலவுகளையும் எழுதி வைத்தார். உறங்குமுன் கணக்கைச் சரிபார்த்தார். பின்னாளில் பொதுப்பணத்தைக் கையாண்டபோது அப்பழக்கமே அவருக்குத் துணைநின்றது.

மேலநீலிதநல்லூரில் உழவர் ஒருவர் உளர் எனக் கொள்வோம். கல்லூரியிற் பயிலும் அவர் மகன், சங்கரன்கோவிலுக்குச் சென்றுவர மோட்டார் சைக்கிள் கேட்கின்றான். தந்தை மறுக்கவுமில்லை, உடனே வாங்கித் தரவுமில்லை. ஓட்டுநர் உரிமம் பெறச் செய்தார். விதை, உரம், கூலி ஆகியவற்றின் கணக்கை மூன்று திங்கள் அவனையே எழுதப் பணித்தார். அதன் பின்னரே திறவுகோலை அளித்தார்.

ஒரு நாள் அவன் விரைந்து வருகையில், மூதாட்டி ஒருத்தியின் ஆட்டுக்குட்டி வண்டியில் அடிபட்டுக் கால் முறிந்தது. கண்டவர் எவருமிலர். எனினும் அவன் வீடு சேர்ந்து உள்ளதை உரைத்தான். தந்தை வெகுளவில்லை, தம் பணப்பையையும் திறக்கவில்லை. "அம்மூதாட்டியிடம் நீயே சென்று சொல், மருத்துவச் செலவை உன் உழைப்பால் தீர்" என்றார். மகன் விடுமுறை நாள்களில் அயலார் வயலிற் கூலிக்கு உழைத்து அக்கடனைத் தீர்த்தான். அச்செலவையும் கணக்குப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதினான்.

தந்தையே பணம் கொடுத்திருப்பின் கடன் அன்றே தீர்ந்திருக்கும். மகன் பொறுப்பை உணர்ந்திருக்கமாட்டான். திறவுகோலைக் கொடுக்கும் கை, அதனோடு கணக்கையும் கொடுத்தல் வேண்டும். அக்கணக்கை மறையாது காட்டும் மைந்தனே அத்திறவுகோலுக்கு உரியவன் ஆவான்.