கழுகுமலை: கல்லில் அமைந்த உபவனம்



பள்ளி என்னும் சொல் இன்று கல்விக்கூடத்தையே பெரிதும் குறிக்கின்றது. முற்காலத்தில் அது துறவியர் உறைவிடத்தையும் அவர்தம் படுக்கையையும் குறித்தது. முனிவர் தங்கிய இடமே மக்கள் அறம் கேட்ட இடமாகவும் விளங்கியது. அத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் ஊர்ப்புறத்துச் சோலைகளிலும் குன்றுகளிலும் அமைந்தன. ஈழத்து அநுராதபுரத்தில் மகாமேகவனம் என்னும் அரச பூங்காவே பௌத்தத் துறவியர்க்கு ஈயப்பட்டதென மகாவம்சம் கூறும்.

நம் மரபும் தீர்த்தங்கரரைச் சோலையோடு சேர்த்தே காட்டுகின்றது. ஆதிநாதர் ஆலமரத்தடியிலும், வர்த்தமானர் சால மரத்தடியிலும் கேவலஞானம் எய்தினர். சமவசரணத்தின் உபவன பூமியில் அசோகு, ஏழிலைப்பாலை, சண்பகம், மா ஆகிய மரங்களின் வனங்கள் திசைக்கொன்றாகத் திகழும். இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விழைவோர் நெல்லைச் சீமைக்குச் செல்லுதல் நன்று.

தாமிரபரணி நாட்டில் சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலைக் குன்றில் தமிழ்பிராமி எழுத்துடன் கூடிய கற்படுக்கைகள் உள்ளன. அங்கிருந்து வடமேற்கே, கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவில் கழுகுமலை உள்ளது. முன்னர்த் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கும்.

கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆட்சியில் இங்குப் பெரும்பள்ளி சிறந்தோங்கியது. கட்டடங்கள் இன்றில்லை, பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய நூற்றுக்கும் மேற்பட்ட திருமேனிகள் உள்ளன. முக்குடை நிழலில் தீர்த்தங்கரர் வீற்றிருக்கின்றார். தரணேந்திரன் படம் விரிக்கப் பார்சுவநாதர் நிற்கின்றார். கொடிகள் சுற்றிய பாகுபலியின் இருபுறமும் அவர்தம் தங்கையர் காணப்படுகின்றனர். சிங்கத்துடனும் மக்களுடனும் தருமதேவி விளங்குகின்றாள். நீரின்றியும் வாடாத இக்கொடிகளை உடைய பாறையைக் கல்லில் அமைந்த உபவனம் என்றே நாம் கூறலாம்.

திருமேனிகளின் கீழுள்ள வட்டெழுத்துக்களே நாம் பயிலவேண்டிய பாடமாகும். அவை செய்வித்தோர் பெயரையும் ஊரையும் உரைக்கின்றன. மன்னர் மட்டும் செய்வித்த பள்ளியன்று இது. தச்சரும் குயவரும் கொல்லரும் தம் பொருளை ஈந்துள்ளனர். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர் பலர் குறிக்கப்படுகின்றனர். அவருள் இன்று சிதறால் என வழங்கும் குமரிநாட்டுத் திருச்சாரணத்து மலையைச் சார்ந்தோரும் உளர். சித்தாந்தம் உரைக்கும் வைராக்கியர்க்கு உணவளிக்க நிலம் விடப்பட்ட செய்தியும் உண்டு. பெண்மக்கள் ஆகமம் கற்பித்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இப்பகுதியில் நம் பழங்குடிகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. அவர்தம் பெயர்களைத் தாங்கி நிற்பது இப்பாறை ஒன்றே. ஆகவே அங்குச் செல்லும் நமக்குத் தனிப்பொறுப்பு உண்டு.

சிலர் பக்தி மேலீட்டால் திருமேனிகளுக்கு எண்ணெயும் சந்தனமும் பூச விழைவர். நம் ஜினாலயத்தில் அபிடேகம் முறையே. பழம்பாறையில் அது தகாது. எண்ணெயில் தூசு படியும். படிந்ததைத் தேய்க்குந்தோறும் எழுத்துத் தேயும். ஓர் எழுத்து அழியின், ஆயிரம் ஆண்டுக்கு முன் அறம் செய்த ஒருவர் பெயரே அழியும். துரவிய பூசை, பாவ பூசை என வழிபாடு இருவகைப்படும் என்பதை நாம் அறிவோம். பொருளின்றி உள்ளத்தால் செய்யும் பாவ பூசையே அவ்விடத்திற்கு ஏற்றது.

குடும்பத்துடன் செல்வோர் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. வெயில் ஏறுமுன் மலையேறுக. குடிநீர் உடன் கொள்க.
2. வழியிலுள்ள செடிகொடிகளில் இலையும் பூவும் பறியாதிருக்க. அவை ஓரறிவுயிர்கள் எனச் சிறார்க்கு உணர்த்துக.
3. எழுத்துக்களின்மேல் கை வையாமலும், சுண்ணம் தடவாமலும், தம் பெயர் கீறாமலும் காக்க.
4. வழியில், மேலிருந்து கீழாகக் குடைந்து முற்றுப்பெறாது நிற்கும் வெட்டுவான் கோயிலையும் அமைதியாகக் காண்க. மலையிலும் அடிவாரத்திலும் வழிபடும் பிற சமயத்தார்க்கு இடையூறு நேராவண்ணம் ஒழுகுக.
5. திருமேனிகளின் முன் அமர்ந்து பஞ்சநமஸ்காரம் ஓதுக. பின்னர், குரத்தியர் யாவர், வட்டெழுத்து யாது என்பவற்றைச் சிறார்க்கு விளக்குக.

வரும் விடுமுறையில் இம்மலைக்கு ஒருமுறை சென்று வருவோம். கண்டவற்றைச் சிறார் தம் கையாலேயே எழுதி வைக்கச் செய்வோமாக.