பிள்ளை பின்தங்கினால் எங்கே போவது?

எழுத்துக் கூட்டத் தெரியாமல் திணறுகிற பிள்ளையை மக்கு என்றும், காரணமின்றிச் சினந்து மற்றவரை அடிக்கிற பிள்ளையை முரடு என்றும், வகுப்பிலே வாய் திறவாமல் மூலையில் ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளையை ஊமைக்கோட்டான் என்றும் பெயரிட்டு, அந்தப் பெயரோடு அதன் எதிர்காலத்தையும் எழுதி முடித்துவிடுகிற வழக்கம் நம் தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. இப்போது அந்த வழக்கம் சற்றுத் தளர்ந்து, 'இந்தப் பிள்ளைக்கு ஏதாவது செய்ய வேண்டுமே' என்ற கவலை பெற்றோர் மனத்தில் உதித்திருப்பது நல்ல சகுனம். ஆனால் கவலை உதித்த மறுகணமே 'எங்கே போவது?' என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது. கோலாலம்பூரில் குடியிருப்பவருக்கு அது ஒரு முகவரியைத் தேடுகிற சிரமம் மாத்திரமே. கோலகுபு பாருவுக்கும் களும்பாங்குக்கும் இடையில், பழைய நெடுஞ்சாலையோரத்தில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட நிலத்தில் இருக்கும் கெர்லிங்வாசிக்கோ, பஸ் சத்தம் எவ்வளவு, போகிற நாளின் கூலி என்ன ஆவது, வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கணக்குகள் எல்லாம் அந்த ஒரே கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

முதலிலேயே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். குறையைக் கண்டு பெயர் சொல்லுகிற இடம் ஒன்று. அந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிற இடம் வேறொன்று. அதன் மனத்தைத் தேற்றுகிற இடம் இன்னொன்று. இம்மூன்றும் ஒரே கூரையின்கீழ்க் கிடைக்குமென்று நம்பி அலைகிறவர்கள், களைத்துப்போய்க் கடைசியில் ஒன்றுமே வேண்டாமென்று வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். தூரத்திலுள்ள ஓரிடத்திற்கு எப்போதாவது போய் ஆலோசனை பெறுவதும், அருகிலுள்ள ஓரிடத்தை வாரந்தோறும் விடாமல் பற்றிக்கொள்வதுமாக இரண்டைச் சேர்த்துத் தேர்ந்துகொள்வதே தோட்டப்புறத்தாருக்கு விவேகம். ஆகவே, மிகவும் பெயர் பெற்ற ஸ்தாபனம் எது என்று விசாரிக்கும் முன், நம்மால் ஒரு வருஷகாலம் இடைவிடாது போய்வரக்கூடிய இடம் எது என்று விசாரிக்க வேண்டும்.

பெயர் சொல்லுகிற இடம் அரசாங்க மருத்துவம். குழந்தை பிறந்தவுடன் கொடுக்கப்படும் சுகாதாரப் புத்தகத்திலேயே, பதினெட்டாவது மாதத்தில் தாய் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் சில, ஆட்டிசத்தின் அறிகுறிகளை முன்னதாகக் கண்டுகொள்ளும்பொருட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தாதி அவசரமாக நிரப்பிவிடுவதையும், தாயும் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்று தலையாட்டிவிடுவதையும் நாம் அறிவோம். அந்தச் சந்தர்ப்பம் தவறிவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. பள்ளிக்கூட வயதுப் பிள்ளையை முதலில் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போய்க் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதனாலும், காதுக்குள் சீழ் கோத்திருப்பதனாலும் 'மக்கு'ப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் உண்டு. இரண்டும் சரியாக இருந்தால், நிபுணரைப் பார்ப்பதற்கான பரிந்துரைக் கடிதத்தை அப்போதே கேட்டு வாங்க வேண்டும். கோலகுபு பாரு மருத்துவமனை மாவட்ட மருத்துவமனை. நிபுணர்களைக் காண்பதற்குச் செலாயாங் அல்லது சுங்கை பூலோ போக நேரலாம். வடக்கே ஸ்லிம் ரிவர் மருத்துவமனையும் உண்டு. குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்டும், நிபுணரிடம் போகையில் 5 ரிங்கிட்டுமே கட்டணமாகையால், இங்கே பணத்தைவிடக் காத்திருப்பதுதான் பெரிய செலவு. கடிதத்தைத் தாமதமாக வாங்கினால் அந்தக் காத்திருப்பு இன்னும் நீளும். ஆயினும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மருத்துவர் குறையின் பெயரைச் சொல்லுவார், அந்தப் பெயர் பிள்ளைக்கு அரிச்சுவடி கற்பித்துவிடாது.

இனிப் பாடத்திற்கு வருவோம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கிற தோட்டத்தில் துரை ஒரு பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்று விதித்தது. கங்காணியோ கிராணியோ உபாத்தியாயர் வேஷம் தரித்துப் பாடம் சொன்ன காலம் அது. தலைகளை எண்ணிய அந்தச் சட்டத்திற்கு, பத்தில் ஒருவன் மற்ற ஒன்பது பேரைப்போல் கற்க இயலாதவனாக இருக்கலாம் என்ற எண்ணம் இல்லை. இன்றைய தமிழ்ப்பள்ளிக்கு அந்த எண்ணம் உண்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் பின்தங்கிய கீழ்வகுப்புப் பிள்ளைகளைச் சில பாடவேளைகளுக்கு மாத்திரம் தனியே அழைத்துக் கற்பிக்கிற குறைநீக்கல் வகுப்பு, நான் எண்ணிப் பார்த்தவரையில், தோட்டப்புறப் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய சகாயங்களில் மிகவும் குறைவாக மதிக்கப்படுவது. அது அருகில் இருக்கிறது, செலவில்லை, பிள்ளை தன் தோழர்களை விட்டுப் பிரிவதில்லை, எல்லாவற்றிற்கும் மேலாக, தாய் வீட்டில் பேசுகிற மொழியிலேயே நடக்கிறது. எழுத்தை மட்டும் பற்றிய தொல்லையானால், ஒரு வருஷம் இதை நம்பிப் பார்க்கலாம். ஆனால் குறைநீக்கல் ஆசிரியர் மனநோய் வைத்தியர் அல்லர். மேசையைக் கவிழ்க்கிற பிள்ளையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு, மூன்று மாதத்தில் சாதுவாக்கித் தரவில்லையே என்று குறைப்படுவது அநியாயம்.

அடுத்தது, தேசியப் பள்ளிகள் பலவற்றில் நடைபெறும் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பு. இதைக் குறித்துத்தான் நம் பெற்றோர் மிகவும் தயங்குகிறார்கள். தயங்குவதற்கு நியாயமும் இருக்கிறது. அதற்கு முன் வகுப்பின் நலன்களைச் சொல்லிவிடுகிறேன். இவ்வகுப்பில் பிள்ளைகள் சிலரே. பயிற்சி பெற்ற ஆசிரியரோடு துணை செய்ய ஓர் உதவியாளரும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடத்திட்டம் வகுக்கப்படுகிறது. மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகையும் கிடைக்கிறது. தேர்ச்சி பெற்ற பிள்ளையைச் சாதாரண வகுப்பில் மற்றவரோடு சேர்த்து உட்கார வைக்கிற உள்ளடங்கு முறையும் இதிலிருந்தே தொடங்குகிறது. இவ்வளவும் இருக்க, மலாய்மொழியில் நடக்கிற வகுப்பு என்ற ஒரே காரணத்தால் பலர் பின்வாங்குகிறார்கள். சிறப்புக் கல்வி வகுப்புள்ள தமிழ்ப்பள்ளிகள் சில இந்நாட்டில் இருந்தாலும், அவை எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை. மொழிப் பற்றாளர் சிலர் என்மீது வருத்தப்படக்கூடும், ஆனாலும் சொல்லுகிறேன். பேச்சும் விளையாட்டும் வயதுக்கேற்ப இருந்து, வாசிப்பு மட்டும் வராத பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பெயர்த்து எடுக்காதீர்கள். ஒரு மொழியில் தடுமாறுகிறவனுக்கு இன்னொரு மொழியின் சுமையையும் ஏற்றுவது பரிகாரம் ஆகாது. ஆனால் தானே உண்ணவும், உடுக்கவும், கழிப்பறை செல்லவும், ஆபத்தை உணரவும் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையிலிருக்கிற பிள்ளையை, மொழியின் பெயரால் நாற்பது பேர் வகுப்பின் கடைசி வரிசையில் ஆறு வருஷம் உட்கார்த்தி வைப்பது பற்று அன்று, பாவம்.

இடம் இல்லை என்று பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்று கேட்பவர் உண்டு. 2003ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பக்கல்வி இந்நாட்டில் கட்டாயம். 2013ஆம் ஆண்டின் சிறப்புக் கல்வி விதிகள், பொருத்தமான வகுப்பைத் தீர்மானிப்பதற்கான பரீட்சார்த்த காலம் மூன்று மாதத்திற்கு மேற்படலாகாது என்று வரையறுத்திருக்கின்றன. 2019ஆம் ஆண்டில் எந்தப் பிள்ளையையும் நிராகரியாமைக் கொள்கையைக் கல்வி அமைச்சு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தலைமையாசிரியர் வாய்மொழியாகக் கூறும் மறுப்போடு வீடு திரும்பாமல், கோலகுபு பாருவிலுள்ள மாவட்டக் கல்வி இலாகாவுக்கு எழுத்து மூலமாக விண்ணப்பியுங்கள். நம்மவர் பேசுவதில் சூரர், எழுதிக் கொடுப்பதில்தான் சோம்பல்.

மாற்றுத் திறனாளிகளுக்குச் சமூகநல இலாகா வழங்கும் ஓ.கே.யு. அட்டையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டத்தை அடியொற்றி, இலாகா ஏழு பிரிவுகளில் பதிவு செய்கிறது. மனவளர்ச்சிக் குறைவு, ஆட்டிசம், கவனச்சிதறல், டிஸ்லெக்சியா ஆகியவை கற்றல் பிரிவைச் சேரும். நாட்பட்ட மனநோய் தனிப் பிரிவு. பதிவு கட்டாயம் அன்று. 'அட்டை எடுத்தால் நாளைக்குப் பொண்ணு யாரு தம்பி கொடுப்பா?' என்று கேட்கிற பாட்டிமாருக்கு நான் சொல்லுவது, அட்டையை வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம், கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே. அரசாங்க மருத்துவமனையில் இலவச சிகிச்சையும், கே.டி.எம். ரயிலில் பாதிக் கட்டணமும் அதனால் கிடைக்கின்றன. மற்றபடி, தகப்பன் இறந்த துக்கத்தால் ஊமையாகிவிட்ட பிள்ளைக்கும், வீட்டில் நடக்கும் அடிதடியால் முரடனான பிள்ளைக்கும் அட்டை பரிகாரம் அன்று; அவர்களுக்கு வேண்டியது காதுகொடுத்துக் கேட்கிற ஆள். சிறிய பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் கிடைப்பது அருமையாகையால், பிள்ளை மதிக்கிற ஆசிரியர் ஒருவரையேனும் பெற்றோர் இனங்கண்டு உதவி நாட வேண்டும். வீட்டிலேயே அபாயம் இருக்குமானால், 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

தொண்டு ஸ்தாபனங்களில், சரியா அமிரின் அம்மையார் 1995ஆம் ஆண்டில் தோற்றுவித்து நடத்திவந்த மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் கோலாலம்பூர் தித்திவங்சாவிலும், நாசோம் எனப்படும் தேசிய ஆட்டிசம் சங்கம் பல மாநிலங்களிலும் மையங்கள் வைத்திருக்கின்றன. திறமையில் குறைவில்லை, குறையெல்லாம் தூரத்தில்தான். கெர்லிங்கில் கம்யூட்டர் ரயில் நிற்பதில்லை. கோலகுபு பாருவுக்கோ தஞ்சோங் மாலிமுக்கோ போய் ஏறித் தலைநகர் சேர வேண்டும். ஆகையால் இவற்றை நித்தியப் பாடசாலையாகக் கொள்ளாமல், பிள்ளையை மதிப்பிட்டு, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியைத் தாய்க்குக் கற்றுத்தருகிற இடமாகக் கொள்வதே பொருந்தும். இதற்கு நேர்மாறானது, சமூகநல இலாகாவின் ஆதரவில், உள்ளூர்ப் பெற்றோரும் பொதுமக்களும் சேர்ந்த குழு நடத்துகிற, பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையம். 1984ஆம் ஆண்டில் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சோதனையாகத் தொடங்கி நாடு முழுவதும் பரவிய இம்முறையின் உயிர்நாடி, பிள்ளையைத் தூரத்து விடுதிக்கு அனுப்பாமல் தன் ஊரிலேயே வைத்துப் பயிற்றுவது. கடுமையான குறையுள்ள பிள்ளைக்கும், பள்ளி வயதைக் கடந்தவருக்கும் இது நல்ல புகலிடம். எழுத்து மாத்திரம் தடுமாறுகிற பிள்ளைக்கு ஏற்றதன்று.

நம் சமூகமே முயன்று கட்டியவையும் உண்டு. 1979ஆம் ஆண்டில் எழுந்த இ.டபிள்யூ.ஆர்.எப். என்ற கல்வி சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982ஆம் ஆண்டில் டாக்டர் மு. தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையமும் கல்வியில் பின்தங்கிய இந்தியப் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. ஸ்ரீ முருகன் நிலையத்தின் வகுப்புகள் பரீட்சைக்குத் தயார் செய்பவை, படிக்கக்கூடியவனைத் தூக்கிவிடும், படிப்பே கசந்துபோனவனுக்கு அவை போதா. அத்தகையவனுக்காக, வழக்கறிஞர் பசுபதி 2011ஆம் ஆண்டில் நிறுவிய மைஸ்கில்ஸ் அறவாரியத்தின் வளாகம் கெர்லிங்குக்கு வடக்கே, அண்டை ஊரான களும்பாங்கிலேயே இருக்கிறது என்பது இவ்வட்டாரத்தாரின் பாக்கியம். பள்ளியை விட்டு விலகி, குண்டர் கும்பலின் வாசலில் நிற்கும் இளைஞரைத் தங்கவைத்து, மின்சார வேலை, அடுமனை போன்ற கைத்தொழில்களைக் கற்பித்து, ஒழுங்கான தினசரி வாழ்வுக்குப் பழக்குகிற இடம் அது. புத்தகத்தில் தோற்ற பிள்ளை கைவேலையில் ஒரு தடவை வென்றுவிட்டால், அதுவரை தன்னைப் பற்றிக் கொண்டிருந்த அவமானம் கலையத் தொடங்குகிறது. அறிவுரையால் ஆகாத இக்காரியத்தை ஓர் அடுப்போ கம்பிச்சுருளோ செய்துவிடுவதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் இது குமரப் பருவத்தாருக்குரியது. எட்டு வயதுப் பிள்ளையின் கோபத்துக்கு இங்கே மருந்து தேடலாகாது. விடுதியில் சேர்ப்பது எந்த ஸ்தாபனமாயினும், பிள்ளை மாதம் எத்தனை முறை வீட்டாரோடு பேசலாம், தவறு செய்தால் தண்டனை என்ன, சிகிச்சை மருந்து உட்கொள்ளுகிறவனை யார் கவனிப்பார், பயிற்சி முடிந்தபின் வேலைக்கு வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். கேள்வி கேட்பதனால் முகம் சுளிக்கிற நிர்வாகத்திடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

தனியார் மையங்களைக் குறித்து நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. வசதியுள்ளவர் போகலாம், 'மூன்று மாதத்தில் பூரண குணம்' என்று விளம்பரம் செய்கிற இடத்திற்கு வசதியுள்ளவரும் போக வேண்டாம்.

தஞ்சோங் மாலிமில், 1922ஆம் ஆண்டில் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், சிறப்புக் கல்வியும் தமிழ்க்கல்வியும் பயில்கிற மாணவர்களைக் கொண்டது. கெர்லிங், களும்பாங் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் அவர்களை வாரம் ஒருநாள் வரவழைக்க விண்ணப்பித்தால், தூரத்துப் பிரயாணத்தில் பாதியை மிச்சப்படுத்தலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கு ஒதுக்குகிற நேரத்தில் கால்பங்கை இதற்கு ஒதுக்குங்கள். கூட்டம் வரும்வரை பெற்றோர் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கிளினிக்கில் பெயர் பதியுங்கள். போகும்போது பிறப்புப் பத்திரம், சுகாதாரப் புத்தகம், வகுப்பாசிரியரின் கடிதம் ஆகியவற்றோடு, பிள்ளை கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களையும், அழித்துச் சீர்செய்யாமல் அப்படியே, எடுத்துச் செல்லுங்கள்.