மாவு பொங்குவது வேறு, புளிப்பது வேறு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மயிலாப்பூர் மாட வீதிகளிலோ தி.நகர் தெருக்களிலோ நடந்தால் ஏதாவது ஒரு வீட்டில் கிரைண்டர் ஓடும் சத்தம் காதில் விழும். அரைக்க நேரமில்லாதவர்களுக்கு மளிகைக் கடையில் பாக்கெட் மாவு கிடைக்கிறது. அடையாறில் வாடகைக்கு வீடெடுத்து, முதன்முறையாகத் தாங்களே மாவரைக்கும் பிள்ளைகளும் உண்டு. உளுந்து எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பதையெல்லாம் அம்மா போனிலேயே சொல்லிவிடுகிறார். மாவு பொங்கிய பிறகு ஃப்ரிட்ஜுக்குள் நடக்கும் இரண்டாம் கட்டப் புளிப்பைப் பற்றித்தான் பேச்சே எழுவதில்லை. நல்ல மாவு குப்பைக்குப் போவதும், சோடா உப்பு டப்பா திறக்கப்படுவதும் அந்தக் கட்டத்தில்தான்.

நம்பிக்கை: மாவு பொங்கிவிட்டால் புளிப்பு முடிந்துவிட்டது.

உண்மை: பொங்குவதும் புளிப்பதும் ஒன்றாகத் தொடங்கினாலும் ஒன்றாக முடிவதில்லை. 1965-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் உள்ளிட்டோர் இட்லி மாவில் எந்த நுண்ணுயிர் எப்போது பெருகுகிறது என்று ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். முதலில் பெருகுவது லியூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா. அது லாக்டிக் அமிலத்தோடு கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. மாவைத் தூக்கி நிறுத்துவது அந்த வாயு. அடுத்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையும், அதற்கும் பின்னால் பீடியோகாக்கஸ் வகையும் தலையெடுக்கின்றன. இவை அமிலத்தைக் கூட்டுமே தவிர மாவைப் பொங்க வைப்பதில்லை. ஆகவே பொங்கி முடிந்த மாவிலும் புளிப்பு ஏறிக்கொண்டே போகும். மேமாதக் கத்திரி வெயிலில் காலை எட்டு மணி வரை வெளியே விட்ட மாவு, அளவில் அப்படியே இருந்தும் நாக்கைச் சுண்டுவது இதனால்தான்.

நம்பிக்கை: ஈஸ்ட்டோ ஒரு கரண்டி பழைய மாவோ சேர்க்காவிட்டால் பொங்காது, கையால் கரைத்தால்தான் புளிக்கும்.

உண்மை: பிரெட்டையும் பீரையும் நுரைக்க வைப்பது ஈஸ்ட். இட்லி மாவுக்கு அது தேவையில்லை. லாக்டிக் அமில பாக்டீரியா மட்டுமே ஒரு மாவை உப்ப வைக்கிறது என்பதற்குத் தங்களுக்குத் தெரிந்தவரை இதுவே முதல் சான்று என்று அந்த 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையே சொல்கிறது. வேண்டிய நுண்ணுயிர்கள் உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. கழுவி ஊறவைத்த பிறகும் போதுமான அளவு மிஞ்சியிருக்கும். கையால் கரைப்பதில் தவறில்லை, உப்பு சீராகக் கலக்கும். கரண்டியால் கரைத்தாலும் மாவு பொங்கத்தான் செய்யும். வாயு வெளியேறாமல் பிடித்து வைக்கும் வேலை உளுந்தின் புரதத்துக்கும் அதன் வழவழப்புக்கும் உரியது. வெந்தயம் அந்த வழவழப்புக்குத் துணை நிற்கிறது.

நம்பிக்கை: உப்பு போட்டு வைத்தால் மாவு புளிக்காது.

உண்மை: ஒரு கிலோ மாவுக்கு 10 கிராம் அளவு உப்பை இந்த பாக்டீரியா தாங்கும். அளவு மிஞ்சினால்தான் வேகம் குறையும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி இரவிலேயே உப்பு சேர்த்துவிடலாம். மார்கழியில் மட்டும் மாவு எழும்பக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: ஃப்ரிட்ஜில் வைத்ததும் புளிப்பு நின்றுவிடும்.

உண்மை: நிற்பதில்லை, நிதானமாகிறது. லியூகோனாஸ்டாக் குடும்பம் குளிரைப் பொறுத்துக்கொள்ளும். கொரியர்களின் கிம்ச்சி குளிரிலேயே பக்குவமாவதும் இந்தக் குடும்பத்தின் வேலைதான். அதனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் மாவு நாளுக்கு நாள் வேறு பண்டமாகிறது. முதல் நாள் வாயு நிறைந்திருக்கும். அடி வரை கலக்காமல் ஓரத்திலிருந்து அள்ளி ஊற்றினால் இட்லி பஞ்சுபோல வரும். ஒவ்வொரு முறை கலக்கும்போதும் கொஞ்சம் வாயு போய்விடுகிறது. இரண்டாம் நாள் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தோசை வார்க்கலாம். தோசைக்கு அவ்வளவு வாயு வேண்டியதில்லை, லேசான புளிப்பு ருசியே கூட்டும். மூன்றாம் நாள் மாவுக்கு வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ பொருத்தம்.

நம்பிக்கை: பாக்கெட் உப்பியிருந்தால் மாவு கெட்டுவிட்டது.

உண்மை: உப்பல் மட்டுமே கெட்டதற்கு அடையாளமல்ல. கடையிலிருந்து வீடு வரும் வழியில் பட்ட வெயில் போதும், உள்ளே மறுபடியும் வாயு சேர்ந்துவிடும். பாக்கெட்டின் ஓரத்தைக் கத்தரிக்கும்போது ‘புஸ்’ஸென்று வருவது அந்தக் கரியமில வாயு. பிறகு மாவில் பொடிப்பொடியாகக் குமிழிகளும் சுத்தமான புளிப்பு வாசனையும் இருந்தால் பயமின்றி ஊற்றலாம். மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கருப்பு என்று நிறம் படர்ந்திருந்தாலோ, அழுகல் வாடை வந்தாலோ மேலாக வழித்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதி தாண்டிய மாவையும் வாங்கக் கூடாது.

நம்பிக்கை: அதிகம் புளித்த மாவைச் சோடா உப்பு சரிசெய்துவிடும்.

உண்மை: சமையல் சோடா அமிலத்தைத் தணித்து, கொஞ்சம் வாயுவையும் கொடுக்கும். ஆனால் மாவு காரத்தன்மைக்குப் போகும் அளவுக்குச் சேர்த்து வேகவைத்தால், உளுந்தும் அரிசியும் தரும் பி1 வைட்டமின் அழிகிறது. இட்லி மஞ்சளிக்கும், சோப்பு வாடையும் வரும். புளிப்பைக் குறைக்க நல்ல வழி, உப்பு போடாத புது அரிசி மாவைக் கொஞ்சம் கலந்து உடனே தோசை வார்ப்பது.

புதிதாக மாவரைக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு விஷயங்கள் போதும். பாதிப் பாத்திரம் காலியாக இருக்கும்படி மாவை ஊற்றுங்கள். மூடியை இறுக்காதீர்கள். மாவு இரண்டு மடங்குக்கு எழும்பியதும் கலக்காமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். இட்லிக்கென்று ஒரு பாத்திரம், தோசைக்கென்று ஒரு பாத்திரம் என்று முதல் நாளே பிரித்து வையுங்கள்.