அடிக்கடி சளி பிடித்தால் எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமா?

"மாசம் தவறாம சளி பிடிக்குதுங்க. உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல போலிருக்கு. ஏதாவது லேகியம் குடுங்க!"

இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் தாய்மார்கள் ஏராளம். சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சகஜம்தான். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தால் இன்னும் கூடலாம். இடைப்பட்ட நாட்களில் நன்றாகச் சாப்பிட்டு, எடையும் ஏறினால் கவலை வேண்டாம், லேகியமும் வேண்டாம்.

ஆனால் நிஜமாகவே எதிர்ப்புச் சக்தி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. 1952-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்பக் கடுமையான தொற்றால் அவதிப்பட்ட 8 வயதுப் பையனின் ரத்தத்தைச் சோதித்தார். கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலின் என்ற புரதமே அதில் இல்லை! அந்தப் புரதத்தை ஊசி மூலம் கொடுத்ததும் பையன் தேறினான். அந்த நோய்க்குப் புரூட்டன் பெயரே நிலைத்துவிட்டது.

இந்நோய் உள்ள குழந்தை முதல் ஆறு மாதம் பெரும்பாலும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். கருவில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதம் அதுவரை காப்பாற்றும். அது கரைந்த பிறகுதான் காதில் சீழ், நிமோனியா என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். இன்னொரு விசேஷம், இவ்வளவு தொற்று வந்தும் தொண்டையில் டான்சில் இருப்பதே தெரியாது.

அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. தாய் நோயில்லாமலே இதைச் சுமந்து வரலாம். தாய்வழியில் ஆண் குழந்தை யாராவது காய்ச்சலில் தவறியதுண்டா என்று பாட்டியைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும். அதற்காக மருமகளைக் குறை சொல்லிவிடாதீர்கள். அவள் என்ன செய்வாள், பாவம்! (எதிர்ப்புச் சக்திக் குறைவில் வேறு வகைகளும் உண்டு. அவற்றில் பல, சொந்தத்தில் கல்யாணம் செய்த வீடுகளில் அதிகம்.)

ஒரே வருஷத்தில் இரண்டு தடவை நிமோனியா, ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் ஆறாத வெண்படலம், எடை ஏறாமை, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் குணமில்லை - இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். இம்யூனோகுளோபுலின் அளவை ரத்தப் பரிசோதனையில் பார்ப்பார்கள். சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், இல்லாத புரதத்தை எங்கள் சூரணமோ செந்தூரமோ உண்டாக்காது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு தடவை அதை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். செலவு அதிகம், ஆயுள் முழுக்கத் தேவை. ஆனால் பிள்ளை படிக்கும், விளையாடும்.

நர்ஸிங் மாணவிகள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். புரூட்டன் நோய் உள்ள குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கூடாது. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. அதே வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டுக்குப் பதில் போலியோ ஊசிதான். இதைப் படித்துவிட்டு, ஆரோக்கியமான குழந்தைக்கு யாரும் சொட்டு மருந்தை நிறுத்திவிடாதீர்கள்!

டாக்டரிடம் போகும்போது பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். எந்தெந்தத் தேதியில் காய்ச்சல், என்ன மருந்து, எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.