கலக்காமல் வைத்தால் குப்பையே இல்லை

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பெருங்குடிக் குப்பை மேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். காற்று திரும்பினாலே தெரிந்துவிடும். 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாட்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பூநாரைகள் வந்து இறங்குகிற அந்த ஈரநிலத்தின் ஓரத்தில்தான் இத்தனை காலமும் ஊர்க் குப்பையைக் கொட்டி வந்திருக்கிறோம். காற்றுப் புகாத குவியலுக்குள் காய்கறிக் கழிவு அழுகினால் மீத்தேன் உண்டாகும். அது எளிதில் பற்றிக்கொள்ளும் வாயு. என் வீட்டு வாழைப்பழத் தோலும் அங்கேதான் போகிறது என்ற எண்ணமே என்னைக் குப்பை பிரிக்க வைத்தது.

மறுசுழற்சி நடக்குமா நடக்காதா என்பது அடுப்படியிலேயே முடிவாகிவிடுகிறது. சாம்பார் பட்ட செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுக்கமாட்டார். பிளாஸ்டிக் கவர் கலந்த காய்கறிக் கழிவு உரமாகாது. ஈரமும் காய்ந்ததும் தனித்தனியே இருந்தால் இரண்டுக்கும் பயன் உண்டு. சேர்ந்துவிட்டால் இரண்டுமே வீண்.

ஈரக் குப்பையை நான் வீட்டை விட்டு வெளியே அனுப்புவதே இல்லை. பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு டிரம்கள் மொட்டை மாடியில் இருக்கின்றன. ஒன்று நிரம்பியதும் அதை மட்கவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு கை காய்கறித் தோலுக்கு இரண்டு கை காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு என்பது என் கணக்கு. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் சீக்கிரம் மட்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். சருகைக் கூட்டிக் கிளறிவிட்டால் அடங்கிவிடும். புழு நெளிவதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்கள் பலர். அவை மட்கச் செய்ய வந்தவை, விட்டுவிடுங்கள். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிப் போடுங்கள். பூமாலையில் நாரை எடுத்துவிடுங்கள், முட்டை ஓட்டை நொறுக்குங்கள். எண்ணெய்ப் பலகாரம், மீன் கழிவு, எலும்பு வேண்டாம். மழைக்காலத்தில் மூடி அவசியம். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். என் கறிவேப்பிலைச் செடி கடை உரத்தைக் கண்டதே இல்லை.

காய்ந்த குப்பையில் பால் பாக்கெட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீர்கள். அந்தச் சின்னத் துணுக்கை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது, சாக்கடையில்தான் சேரும். பாதி வெட்டி, பாக்கெட்டோடு ஒட்டியிருக்க விடுங்கள். காலியானதும் அலசிக் காயவைத்துச் சேர்த்தால் கடையில் எடைக்கு வாங்கிக்கொள்வார்கள். தண்ணீர் பாட்டில் பாலியஸ்டர் இழையாக மாறுகிறது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து எடுப்பதைவிட மறுபடி உருக்குவதற்குச் சுமார் 95 சதவீதம் குறைந்த ஆற்றலே போதும். பழைய சட்டியைப் பரணில் போட்டு வைக்காதீர்கள், காயலான் கடைக்குக் கொடுங்கள்.

சிப்ஸ் கவர் மட்டும் எந்தக் கடையிலும் போணியாகாது. பல அடுக்குகள் ஒட்டியது, பிரிக்க முடியாது. சிமென்ட் ஆலையில் எரிபொருளாகப் போனால் உண்டு. அதனால் எங்கள் வீட்டில் தின்பண்டம் பெரும்பாலும் டப்பா கொண்டுபோய் வாங்கி வருவதுதான்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. நாம் கட்டி வைக்கும் பையை ஒரு மனிதர் கையால் பிரிக்கிறார். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி அவர் விரலைக் கிழிக்கும். அவற்றைத் தடித்த அட்டையில் சுற்றி, மேலே எழுதி, தனியே கையில் கொடுங்கள். நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் பொதிந்து சிவப்பு மையில் குறியிடுங்கள். பழைய வகை டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. அதையும் பேட்டரியையும் மற்ற குப்பையோடு சேர்க்கவே கூடாது.

வீடுகளிலேயே தரம் பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி நடந்தால் தட்டிக் கேளுங்கள், புகார் கொடுங்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி உங்கள் வீட்டில் பிரிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.