பழைய டீசல் ஜீப் வாங்கும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நடக்கவிட்டும் பார்க்கிறார். அதே விவசாயி லட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய ஜீப் வாங்கும்போது புதுப் பெயின்டைப் பார்த்து மயங்கிவிடுகிறார். வாங்கிய மூன்றாம் மாதமே வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. அடுத்த போகத்துக்கு வைத்திருந்த உரப் பணம் அதற்குப் போய்விடுகிறது. இந்த நிலை வராமல் இருக்கக் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

இன்ஜின் சோதனை

வண்டியைக் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பார்ப்பது நல்லது. பானட்டைத் தொட்டுப் பார்க்கவும். சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று பொருள். ஆறிய இன்ஜினில்தான் ஸ்டார்ட்டிங் கோளாறு வெளியே தெரியும்.

புகையின் நிறம் பல செய்திகளைச் சொல்லும். கறுப்புப் புகை தொடர்ந்து வந்தால் ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு அல்லது டர்போ கோளாறு இருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். இன்ஜின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் தண்ணீர் இன்ஜினுக்குள் கசிகிறது என்று கொள்ளலாம்.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கவும். லேசான ஆவி வந்தால் பயமில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. இது பெரிய செலவு.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரில் எண்ணெய் மிதந்தாலும், ஆயில் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

டீசல் பகுதி

பழைய மாதிரி இன்ஜின்களின் டீசல் பம்ப்பைச் சிறு ஊர்ப் பம்ப் மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்வார். பின்னால் வந்த காமன் ரெயில் இன்ஜின்களுக்குக் கம்ப்யூட்டர் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். இவற்றின் இன்ஜெக்டர்கள் விலை கூடியவை. டீசலில் தண்ணீரோ தூசியோ கலந்தால் விரைவில் கெடும். ஆகவே டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். கேனில் வாங்கி வைத்த டீசலை ஊற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி வந்த டீசல் வண்டிகளின் சைலன்சர் பகுதியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் மெதுவாக ஓட்டினால் அதில் கரி அடைத்துக்கொள்ளும். இடையிடையே நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டினால்தான் அந்தக் கரி எரிந்து நீங்கும்.

கிளட்ச், அடிப்பாகம்

சமதரையில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நான்காம் கியரில் கிளட்ச்சை மெல்ல விடவும். இன்ஜின் உடனே நின்றால் கிளட்ச் நல்ல நிலையில் உள்ளது. நிற்காமல் உறுமினால் தேய்ந்துவிட்டது.

டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் விரிசல் உண்டா என்று பார்க்கவும். சேஸிஸைச் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கவும். துரு உள்ளே தின்றிருந்தால் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

செலவுக் கணக்கு

பொருளின் விலை வேறு, கழற்றி மாட்டும் கூலி வேறு. ஹெட் கேஸ்கட்டின் விலை குறைவுதான். ஆனால் ஹெட்டைக் கழற்றி, வளைவு பார்த்து, லேத்தில் சமன் செய்து மாட்டும் கூலி பல மடங்கு ஆகும். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். எனவே தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒரே தடவையில் மாற்றுவது சிக்கனம்.

ஆயில், ஃபில்டர், பெல்ட், ஹோஸ் ஆகியவை சிறு செலவு. பேட்டரி, ரேடியேட்டர், பிரேக், கிளட்ச், டயர் நடுத்தரச் செலவு. இன்ஜெக்டர், டர்போ, ஹெட், இன்ஜின் போர் ஆகியவை பெருஞ்செலவு. நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்று, செய்ய வேண்டிய வேலைகளுக்குத் தொகை எழுதி வாங்கி, அதை விலையில் கழித்துக் கேட்க வேண்டும்.

சொந்த வண்டி தேவைதானா என்பதையும் கணக்குப் பார்க்க வேண்டும். வண்டி விலை 2,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டி மாதம் 2,500 ரூபாய். இன்சூரன்சுக்கும் ரிப்பேருக்கும் மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினால் மொத்தம் 5,000 ரூபாய். வண்டி நின்றாலும் இது செலவுதான். போக வர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் 92 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு 460 ரூபாய். வாடகை வண்டிக்கு நடைக்கு 900 ரூபாய் என்று கொள்வோம். மாதம் 8 நடை போகிறவருக்குச் சொந்த வண்டியில் 8,680 ரூபாயும் வாடகையில் 7,200 ரூபாயும் ஆகும். வாடகையே லாபம். 12 நடை போனால்தான் சொந்த வண்டி கட்டும். தங்கள் ஊர் வாடகையைப் போட்டு ஒவ்வொருவரும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் ஒப்பிட வேண்டும். கடன் பாக்கி பதிவாகியிருந்தால் கடன் கொடுத்தவரின் சான்றும் 35-ம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள் தேவை. வெளிமாநில வண்டியானால் அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, இங்கே வரியும் கட்ட வேண்டியிருக்கும். சொந்த உபயோகத்துக்கான வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடக் கூடாது. ஒரு பகுதியை ரிப்பேருக்கென்று நிறுத்தி வைப்பவருக்கே பழைய ஜீப் பயன்படும். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலையும் நிலை எவருக்கும் வேண்டாம்.